குழந்தைகள் முன்னே கிளம்பினார்கள்

டில்லிக்கு மாற்றல் உத்தரவு வந்த அன்று சாயங்காலம் நான் செய்த முதல் காரியம் ஒரு கிணற்றுக் கயிறு வாங்கியது. ஆபீஸிலிருந்து டிராமில் வந்து லஸ்ஸில் இறங்கினேன். பையில் உத்தரவு, எதிரே கயிற்றுக் கடை. அந்த ஊரில் நல்ல தேங்காய்நார்க் கயிறு கிடைக்காதே என்ற எண்ணம் எங்கிருந்தோ வந்து என்னைப் பிடித்துக்கொண்டது. கயிற்றை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். என் முகத்தையும் கயிற்றையும் சேர்த்துப் பார்த்த என் மனைவி, அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"என்ன ஆச்சு?"

"டில்லிக்குப் போட்டுட்டா."

"கயிறு எதுக்கு?"

"கிணத்துக்கு."

"அங்கே கிணறு இருக்கா?"

அதை நான் யோசித்திருக்கவில்லை.

அப்போது எங்கள் ஜாகை மயிலாப்பூரில், தெற்கு மாட வீதியை ஒட்டின ஒரு சந்தில். நான் சர்க்கார் கணக்கு இலாகாவில் ஒரு குமாஸ்தா. நாற்பது வயது ஆகியும் வடக்கே நெல்லூரைத் தாண்டாதவன். நெல்லூருக்குப் போனதும் ஒரு கல்யாணத்துக்கு. அங்கேயும் ரசம் ஒத்துக்கொள்ளாமல் திரும்பி வந்தவன்.

எங்கள் ஆபீஸில் டில்லியில் ஒரு குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வந்த ஒரு மனிதர் இருந்தார். உத்தரவு வந்த நாள் முதல் அவருடைய மேஜையை நான் பிரகாரம் மாதிரிச் சுற்ற ஆரம்பித்தேன். அவரும் சளைக்காமல் பிரசாதம் கொடுத்தார்.

"காதை மட்டும் தேய்ச்சுடாதேயும் ஓய். கையோட வந்துடும்."

"ஐயையோ. எண்ணெய் தேச்சுக் குளிக்கிறது?"

"எண்ணெயா? கல்லாட்டம் உறைஞ்சு கிடக்கும். உளி வெச்சுப் பேர்த்து எடுத்துத் தலைமேலே வெச்சுண்டு, வெயில் வர வரைக்கும் உக்காந்திருக்கணும்."

"பாஷை?"

"பானின்னா தண்ணி. அது ஒண்ணு தெரிஞ்சாப் போறும், உயிர் தங்கும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் 'பானி, பானி' என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். டிராமில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஏதோ ஜபம் என்று நினைத்துக் கொஞ்சம் மரியாதையாக நகர்ந்து உட்கார்ந்தார். குளிருக்கு உடம்பைப் பழக்க வேண்டும் என்று விடியற்காலையில் கிணற்றடியில் நின்று குடம் குடமாக ஊற்றிக்கொண்டேன். ஐப்பசி மழைக் காலம் வேறு. மூன்றாம் நாளே மூக்கடைத்துப் போய், சுக்குக் கஷாயத்தோடு படுத்தேன். "டில்லிக்கு ஏன் போகணும், அதுதான் நம்மாத்துக்கே வந்துடுத்தே" என்றாள் மனைவி. எழுந்த பிறகு ஆட்டுக்கல்லைச் சாக்கில் கட்டப் பார்த்தேன். அவள் நின்று பார்த்தாள்.

"குழவியை ரயில்லே நீங்கோ மடியிலே வெச்சுக்கறேளா, நான் வெச்சுக்கட்டுமா?"

சாக்கை அவிழ்த்தேன்.

இந்தக் கூத்துக்கெல்லாம் அடியில் நிஜமான ஒரு கேள்வி கிடந்தது. அதைத் தொடப் பயந்துகொண்டுதான் நான் கயிறும் கல்லுமாக அலைந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. டில்லிக்கு நான் மட்டும் போவதா, எல்லாரும் போவதா?

எங்களுக்கு மூன்று குழந்தைகள். பெரியவளுக்கு எட்டு வயது. அடுத்தவன் ஐந்து வயதுப் பையன். போன மழைக் காலத்தில் கக்குவான் இருமலால் எங்களை ஆட்டி வைத்தவன். கடைக்குட்டி இன்னும் தத்தித் தத்தி நடக்கிற பெண். என் மனைவிக்கு ஒரே ஒரு அண்ணா. தியாகராய நகரில் சொந்தமாக வீடு கட்டிக்கொண்டு குடியேறியிருந்த வக்கீல். அந்தப் பேட்டையே அப்போது புதுசு. ஏரியைத் தூர்த்து மனை போட்ட இடமானதால், மழை வந்தால் ஏரி தன் பழைய இடத்தைத் தேடிக்கொண்டு திரும்பி வரும். தெருவில் வீடுகளைவிடத் தவளைகள் அதிகம். அந்தத் தவளைகளுக்கு நடுவே பெரிய கூடமும் மாடியுமாக ஒரு வீடு. உள்ளே அவரும் அவர் மனைவியும் மட்டும். குழந்தைகள் இல்லை.

உத்தரவு வந்த செய்தி தெரிந்த மறுநாளே மின்சார ரயில், பஸ் எல்லாம் மாறி அவர் வந்துவிட்டார்.

"மாப்பிளே, நீங்கோ முன்னாடி போங்கோ. ஜாகை கிடைக்கட்டும், குளிர் போகட்டும். ஒரு வருஷம் இவாள்லாம் நம்மாத்துல இருக்கட்டும். அந்தப் பயலோட மாரு அந்தக் குளிரைத் தாங்குமா? சொல்லுங்கோ."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. நான் லஸ் டாக்டரிடம் பையனைக் காட்டினேன். அவர் அவன் மார்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உலர்ந்த குளிர் ஒண்ணும் பண்ணாது சார். இந்த மயிலாப்பூர் ஈரம்தான் இவனுக்கு எமன்" என்றார். அதுவும் எனக்கு நியாயமாகப் பட்டது. கடைசியாகப் பேசியவர் யாரோ அவர் பக்கம் சாய்வது அந்த நாட்களில் என் வழக்கமாக இருந்தது.

என் மனைவி மட்டும் சாயவில்லை. ஒரு நாள் மத்தியானம் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்:

"எங்கப்பா ரங்கூன்லே இருந்தார். வருஷத்துக்கு ஒரு தரம் கப்பல்லே வருவார், கையிலே ஒரு பொம்மையோட. எனக்கு அந்தப் பொம்மைகளையெல்லாம் நன்னா ஞாபகம் இருக்கு. அப்பா முகம்தான் சரியா ஞாபகம் இல்லை. நம்ம குழந்தைகளுக்கு அப்படி வேண்டாம்."

முறத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனாள். இதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டியவன் நான். பதில் என்னவென்று எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொன்ன மறுகணமே மூன்று குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு அத்தனை தூரம் போகிற பொறுப்பு என் தலையில் விழுந்துவிடும் அல்லவா? வழியில் ரயில் நிற்கும் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு குழந்தை வீதம் தொலைத்துவிட்டு, வெறும் கூஜாவுடன் டில்லியில் இறங்குவது போல எனக்குக் கனா வந்துகொண்டிருந்தது. ஆகவே, "பார்க்கலாம்" என்றேன். நாள் முழுதும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இந்த இடத்தில் பஞ்சாங்கம் உள்ளே வந்தது. ஆபீஸில் எனக்கு ரயில் ஏற அனுமதித்திருந்த நாள் புதன்கிழமை. புதன்கிழமை வடக்கே சூலம். அந்தத் திசையில் பிரயாணம் கூடாது. என் மச்சினர் கட்சிக்காரர்களின் கேஸ் கட்டுகளைவிடப் பஞ்சாங்கத்தை அதிகமாகப் புரட்டுகிறவர். அவர் விடுவாரா?

"பரஸ்தானம் வெச்சுடலாம்" என்றார்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாம் கிளம்புகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில், நல்ல வேளையில், நம்முடைய துணி ஒன்றை மஞ்சள் அரிசி, வெற்றிலை பாக்கோடு மூட்டையாகக் கட்டி, போகிற திசையில் இருக்கும் வேறொருவர் வீட்டில் கொண்டு வைத்துவிட வேண்டும். அந்தத் துணி போனால் நாமே போனதாகக் கணக்கு. பிறகு எந்த நாளில் வேண்டுமானாலும் கிளம்பி, வழியில் அந்த மூட்டையை எடுத்துக்கொண்டு போகலாம். ஒரே ஒரு நிபந்தனை: வெளியே போன மூட்டை மறுபடி வீட்டுக்குள் வரக் கூடாது. வந்தால் பிரயாணம் முறிந்துவிட்டதாக அர்த்தம். சூலத்துக்கும் ரயில்வே கால அட்டவணைக்கும் எங்கள் ஜனங்கள் செய்து வைத்த சமாதான உடன்படிக்கை இது.

"ஞாயித்துக்கிழமை காத்தாலே நல்ல வேளை இருக்கு. உங்க வேஷ்டி ஒண்ணு போறும்" என்றார் மச்சினர், 'ஒண்ணு' என்பதை அழுத்தி. வடக்கு மாட வீதியில் என் ஆபீஸ் சிநேகிதர் வீடு இருந்தது. மூட்டையை அங்கே வைப்பதாக ஏற்பாடு.

சனிக்கிழமை ராத்திரி படுக்கப் போகுமுன் மனைவி என்னைக் கூப்பிட்டாள். பூஜை அலமாரிக்குக் கீழே இரண்டு மூட்டைகள் இருந்தன. ஒரே பழைய வேஷ்டியை இரண்டாகக் கிழித்துக் கட்டியவை.

"இதோ பாருங்கோ. இந்தச் சின்னதுலே உங்க வேஷ்டி இருக்கு. பெரிசுலே குழந்தைகள் துணி அத்தனையும் மடிச்சு வெச்சிருக்கேன். டில்லியோ தியாகராய நகரோ, எங்கே போனாலும் அதுகளுக்குத் துணி வேணுமே. காத்தாலே நீங்கோ எல்லாரும்னு சொன்னேள்னா, ஆளுக்கொண்ணா எடுத்துச் சின்ன மூட்டையிலே சேர்த்துடறேன். என் புடவையும் ஒண்ணு. இல்லைன்னா அது அப்படியே போகட்டும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீங்கோதான் சொல்லணும்."

"பார்க்கலாம்" என்றேன்.

"நாளைக்குக் காத்தாலே பார்க்கறதுக்கு ஒண்ணும் இருக்காது" என்று விளக்கைத் தணித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பொழுது விடிந்ததே தெரியவில்லை. அப்படி ஒரு மழை. மனைவி குழந்தைகளைக் குளிப்பாட்டப் பின்கட்டுக்குப் போயிருந்தாள். நான் கடிகாரத்துக்கு முன்னால் நின்றேன். நல்ல வேளை ஆரம்பித்துவிட்டது, ஓடிக்கொண்டும் இருக்கிறது. பின்கட்டிலிருந்து பையன் இருமுகிற சத்தம் கேட்டது. சோப்பு வாயில் போனதற்கு இருமினானாம், பிறகு தெரிந்தது. எனக்கு அந்த நிமிஷத்தில் டில்லியே வீட்டுக்குள் நுழைந்து அவன் மார்பில் உட்கார்ந்துவிட்டது போல இருந்தது. போதும், நான் மட்டும் போகிறேன் என்று தீர்மானித்தேன். தீர்மானித்தவன் மனைவியிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆகையால் சொல்லாமல், இருட்டில் கையை விட்டு மூட்டையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குடையைப் பிரித்துத் தெருவில் இறங்கினேன்.

பாதி வழியில், ஒரு வேஷ்டி இவ்வளவு கனக்குமா என்று தோன்றாமல் இல்லை. பயத்தில் கை தளர்ந்துவிட்டது, பாவம் நான், என்று என்மேலேயே இரக்கப்பட்டுக்கொண்டேன். தெப்பக்குளத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. படியோரம் ஒதுங்கி நின்ற ரிக்ஷாக்காரன் ஒருவன், "இன்னா சாமி, மழையிலே மூட்டையைத் தூக்கிக்கினு ஓட்றே? ஊட்டாண்ட சண்டையா?" என்று விசாரித்தான். இல்லை என்று தலையசைத்தேன். அவன் நம்பவில்லை.

சிநேகிதர் வீட்டில் அவர் மனைவி ஒரு பலகையைப் போட்டு, கோலமிட்டு வைத்திருந்தாள். மூட்டையை வைத்தேன். வடக்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். காப்பி கொடுத்தார்கள், குடித்தேன். ஏதோ ஒன்று முடிந்துவிட்டது என்ற நிம்மதியோடு வீடு திரும்பினேன்.

கூடத்தில் மூன்று குழந்தைகளும் பிறந்த மேனியாக, மொழுமொழுவென்று, ஈரத் தலையோடு நின்றுகொண்டிருந்தன. மனைவி பூஜை அலமாரிக்கு முன்னால் மண்டியிட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"ஏன்னா, குழந்தைகள் மூட்டையைப் பார்த்தேளா? இங்கேதானே வெச்சேன்?"

நான் அவள் கையில் இருந்த சின்ன மூட்டையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். மூட்டையைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"எதை எடுத்துண்டு போனேள்?"

"அதை."

"எதை?"

"இது இல்லை போலிருக்கு."

வீட்டில் அணிந்த துணிகள் வாளியில் நனைந்துகொண்டிருந்தன. கொடியில் கிடந்தவை இரண்டு நாளாகக் காயாமல் முடை நாற்றத்தோடு தொங்கின. மற்றதெல்லாம் வண்ணானிடம். உலகத்தில் என் குழந்தைகளுக்கு இருந்த காய்ந்த துணி அத்தனையும் வடக்கு மாட வீதியில், டில்லியைப் பார்த்துக் கிளம்பிப் போய் உட்கார்ந்திருந்தது.

"போய் எடுத்துண்டு வந்துடறேன்" என்று குடையைத் தூக்கினேன்.

"நில்லுங்கோ" என்ற குரல் வாசலிலிருந்து வந்தது. மச்சினர். சொட்டச் சொட்ட நனைந்த குடை. பின்னால் கையில் ஒரு பையோடு அவர் மனைவி. பரஸ்தானம் நல்லபடி நடந்ததா என்று பார்க்க வந்தவர்கள். "பரஸ்தானம் போன மூட்டையா? அது திரும்பி ஆத்துக்குள்ளே வரப்படாது. அபசகுனம். நான் விடமாட்டேன்."

"குழந்தைகள் அம்மணமா நிக்கறதே!"

"குழந்தைகளை அங்கே கூட்டிண்டு போய் உடுத்திக் கூட்டிண்டு வாங்கோ."

"உடுத்திண்டு வந்தா துணியும் கூடவே ஆத்துக்குள்ளே வந்துடுமே?"

மச்சினர் கொஞ்சம் யோசித்தார். அவர் முகத்தில் கோர்ட்டுக் களை வந்தது. "வாசல்லேயே அவுத்துட்டு உள்ளே வரலாம். துணி சிநேகிதர் ஆத்துக்குத் திரும்பிப் போயிடும்."

"அப்போ உள்ளே வந்தப்புறம் என்னத்தை உடுத்திக்கறது?" என்றாள் என் எட்டு வயதுப் பெண். என் அங்கவஸ்திரத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு நீதிபதி மாதிரி நின்றிருந்தாள். பையன் துண்டை இழுத்துக்கொண்டு ஓட, கடைக்குட்டி ஒன்றும் உடுத்தாமல் மாமாவின் குடையைப் பிடித்து இழுத்தது. மச்சினர் அதைத் தூக்கித் தம் ஜிப்பாவால் மூடிக்கொண்டார்.

மன்னி, அதாவது மச்சினரின் மனைவி, வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு உள்ளே போனாள். அழுகிறாளோ என்று பயந்தேன். சமையலறையிலிருந்து சிரிப்பு வந்தது.

என் மனைவி சிரிக்கவில்லை. அவள் சின்ன மூட்டையை அவிழ்த்து, உள்ளேயிருந்த என் வேஷ்டியை எடுத்து எங்களுக்கு நடுவே தரையில் வைத்தாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன். யாரோட துணி பரஸ்தானம் போறதோ, அவா கிளம்பியாச்சுன்னு தானே கணக்கு?"

"ஆமாம்."

"அப்போ இவர் கிளம்பலை. வேஷ்டி இதோ கிடக்கு. நானும் கிளம்பலை. கிளம்பினது என் குழந்தைகள் மூணு பேரும். நல்ல வேளையிலே, மஞ்சள் அரிசி கூட இல்லாம, வடக்கே பாக்கக் கிளம்பியாச்சு. இனிமே திரும்பி வரப்படாதுன்னு இப்போதான் வாசல்லே நின்னு நீயே சொன்னே. அதுகளை நான் தனியா டில்லிக்கு அனுப்பறதா?"

ஓட்டிலிருந்து ஒழுகிய ஜலம் பாத்திரத்தில் சொட்டியது. மச்சினர் மனசுக்குள் பஞ்சாங்கத்தின் எல்லாப் பக்கங்களும் புரண்டது அவர் புருவத்தில் தெரிந்தது. தெரியாமல் எடுத்துப் போனது சேர்த்தி இல்லை என்று சொல்லப் பார்த்தார். ஆனால் போன வருஷம் அவருடைய கட்சிக்காரர் ஒருவர் தெரியாமல் வேறொருவர் செருப்பைப் போட்டுக்கொண்டு யாத்திரை கிளம்பியபோது, 'செருப்புக்காரன் போனதாகத்தான் கணக்கு' என்று அவரே தீர்ப்புச் சொல்லி, அதை எங்களிடம் பெருமையாகவும் சொல்லியிருக்கிறார்.

"ஊஞ்சல் போட்டாச்சு" என்றார் கடைசியில். "எங்காத்துக் கூடத்துலே. தச்சன் நேத்துத்தான் சங்கிலி மாட்டிட்டுப் போனான்."

அது பஞ்சாங்கத்தில் இல்லாத வாதம். என் பயத்தையே பெரிய விஷயமாக நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு, அந்தப் பெரிய கூடமும் சங்கிலி மாட்டின ஊஞ்சலும் அப்போதுதான் கண்ணில் பட்டன.

மன்னி உள்ளேயிருந்து வந்தாள். தான் கொண்டு வந்த பையை என் மனைவியின் கையில் கொடுத்தாள். உள்ளே மூன்று கம்பளிக் குல்லாய்கள். சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று, கடைக்குட்டிக்குக் கட்டைவிரல் நீளக் காதுகளோடு மஞ்சளில் ஒன்று. பக்கத்துத் தெருவில் ஒரு டீச்சரம்மாளிடம் பின்னக் கற்றுக்கொண்டிருந்தாளாம்.

மச்சினர் குல்லாய்களைப் பார்த்தார். "இதெல்லாம் எப்போ பின்னினே?"

"மாப்பிள்ளைக்கு உத்தரவு வந்த அன்னிலேர்ந்து."

"நான்தான் அவாளை இங்கேயே வெச்சுக்கலாம்னு சொல்லிண்டிருந்தேனே?"

"நீங்கோ சொல்லிண்டிருந்தேள். நான் பின்னிண்டிருந்தேன்." பிறகு குரலைத் தணித்து, "போறும்னா. விட்டுடுங்கோ. பெத்தவா கூட இருக்கட்டும்" என்றாள்.

மச்சினர் கடைக்குட்டியின் ஈரத் தலையைத் தம் துண்டால் துவட்டிக்கொண்டே இருந்தார். அது காய்ந்து வெகு நேரமாகியிருந்தது.

"அப்பா ரங்கூன்லேர்ந்து வரபோதெல்லாம் ஹார்பருக்கு நான்தான் போவேன்" என்றார், யாரையும் பார்க்காமல். "ஒரு தரம் நான் எதிர்லேயே நிக்கறேன், என்னைத் தாண்டிண்டு போயிட்டார். நான் ஒரு வருஷத்துலே வளந்துட்டேன். அவருக்கு அடையாளம் தெரியலை. இவளுக்கு அது தெரியாது. நான் சொன்னதில்லை."

என் மனைவி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

இந்த நேரத்தில்தான் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இவ்வளவு நாள் நான் சொல்லாமல் வைத்திருந்த வார்த்தை அது. மூட்டை சொல்லிவிட்டது, மனைவி சொல்லிவிட்டாள், மன்னி குல்லாய் பின்னியே சொல்லிவிட்டாள். மிச்சம் நான் ஒருவன்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, "எல்லாரும்தான் போறோம்" என்றேன். ஊர்வலம் முடிந்த பிறகு மேளக்காரன் வந்து சேர்ந்த மாதிரி இருந்தது. ஆனால் என் மனைவி திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்காக இன்னும் இரண்டு டில்லி போகலாம் என்று எனக்குத் தோன்றியது.

மச்சினர் பெருமூச்சு விட்டுவிட்டு மடியிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தார். "நாளைக்குக் காத்தாலே ராகு காலத்துக்கு முன்னாடி ஒரு வேளை இருக்கு. உன் புடவையையும் மாப்பிள்ளை வேஷ்டியையும் அங்கே கொண்டு வெச்சுடணும். மூட்டையை நான் தூக்கிண்டு போறேன். மாப்பிள்ளை கையிலே குடுக்காதே. இவர் உரலைக் கொண்டு போய் வெச்சுட்டு வருவார்."

மறுநாள் அவரே வந்து, அவரே கொண்டு போய் வைத்தார்.

மழை விடவில்லை; வண்ணானும் தலைகாட்டவில்லை. புதன்கிழமை வரை குழந்தைகள் என் வேஷ்டிகளிலும் மனைவியின் ரவிக்கைகளிலும் வாழ்ந்தார்கள். பையன் ரவிக்கையைக் கழற்ற மறுத்தான். டில்லிக்கும் அதைத்தான் போட்டுக்கொள்வேன் என்று அடம்.

ரயில் சாயங்காலம். மத்தியானமே ஜட்கா வந்துவிட்டது. வண்டிக்காரர் தாடி நரைத்த சாயபு. எங்கள் மூட்டைகளையும் எங்களையும் தலை முதல் கால் வரை பார்த்தார். கிணற்றுக் கயிற்றை நான் ஒளித்து வைத்திருந்த இடத்தையும் பார்த்துவிட்டார்.

"இன்னா சாமி இது, குழந்தைங்க வேஷ்டி கட்டிக்கினு கீது? கல்யாணமா?"

"டில்லிக்குப் போறோம், சாயபு. வடக்கு மாட வீதியிலே ஒரு வீட்டாண்ட நிறுத்தணும். அங்கேதான் இவா துணி இருக்கு."

"துணி அங்கே, ஆளு இங்கே. அக்காங். இவ்ளோ மூட்டை ஏத்திட்டா குதிரைக்கு எங்கே சாமி எடம் கீது? அதையும் உள்ளே குந்த வெச்சுட்டு நீ இழுக்கிறியா?"

"நான் இழுத்தா ரயில் போயிடும்."

"நான் இழுத்தாலும் போயிடும்பா. ஏறு, ஏறு."

வடக்கு மாட வீதியில் இறங்கிக் குழந்தைகளுக்குத் துணி மாற்றினோம். சிநேகிதர் மனைவி மூன்று பேருக்கும் கன்னத்தில் மை வைத்து, ஆளுக்கொரு முறுக்குக் கொடுத்தாள். பையனிடமிருந்து ரவிக்கையைப் பிடுங்க நாலு பேர் வேண்டியிருந்தது.

சென்ட்ரலில் மச்சினரும் மன்னியும் எங்களுக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தார்கள். மச்சினர் எங்கள் பெட்டியில் ஏறி, ஜன்னல்களை ஏற்றி இறக்கிப் பார்த்தார். சாமான்களைத் தாமே அடுக்கினார். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு தெலுங்குக்காரரிடம் எங்களை ஒப்படைத்தார். "மாப்பிளே, பெஜவாடாவிலே தண்ணி பிடிக்க நீங்கோ இறங்காதேங்கோ. இவளை இறங்கச் சொல்லுங்கோ. நீங்கோ குழந்தைகளைப் பிடிச்சுண்டு உக்காந்திருங்கோ." என் திறமையைப் பற்றி அவருக்கு இருந்த மதிப்பு சரியானது என்பதால் நான் ஒப்புக்கொண்டேன்.

மணி அடித்தது. அவர் கீழே இறங்கினார். கடைக்குட்டி அவர் கழுத்தை விடவில்லை. மன்னிதான் அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, மஞ்சள் குல்லாயை அதன் தலையில் மாட்டி, கதவு வழியாக என் மனைவியிடம் கொடுத்தாள். சென்னையின் அந்தப் புழுக்கத்தில் அதற்கு வேர்த்துக் கொட்டியது. கழற்ற யாருக்கும் மனசு வரவில்லை.

வண்டி நகர்ந்ததும் மச்சினர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். "கோடை லீவுக்கு ரெண்டு பேரும் வாங்கோ அண்ணா" என்றாள் என் மனைவி. "எனக்கு அந்த ஊர் ஒத்துக்காது" என்றார் அவர். பிளாட்பாரத்தில் பின்னால் நின்றிருந்த மன்னி, கூட்டத்துக்கு மேலே குரலை உயர்த்தி, "எனக்கு ஒத்துக்கும்!" என்று கத்தினாள். அவள் கத்தி அதற்கு முன் நான் கேட்டதில்லை. மச்சினர் திரும்பிப் பார்த்தார். கம்பியிலிருந்து கை நழுவியது. எங்கள் கண்ணுக்குத் தெரிந்த வரை அவர் திரும்பியபடியே நின்றிருந்தார்.

பேஸின் பிரிட்ஜ் தாண்டும்போது என் மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு தயிர்சாத மூட்டையை எடுத்தாள். காலையிலிருந்து அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "நீ சாப்பிடு" என்று குழந்தைகள் மூவரையும் என் பக்கம் இழுத்துக்கொண்டேன். பெரியவள் தோளில் சாய்ந்தாள். பையன் ஒரு தொடையில், கடைக்குட்டி இன்னொன்றில். கடைக்குட்டியின் கம்பளிக் காது என் மூக்கைக் குத்தியது. எதிரே இருந்த தெலுங்குக்காரர், தமக்குத் தெரிந்த தமிழில், "அந்தரு, எல்லாரும், எங்கே போறது?" என்று கேட்டார்.

என் மனைவி வாயில் இருந்த சாதத்தை விழுங்கிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள், "டில்லிக்கு. அஞ்சு பேரும்" என்றாள்.

நான் ஒரு தரம் எண்ணிப் பார்த்துக்கொண்டேன். சரியாகத்தான் இருந்தது.